சபாநாயகம் அண்ணையின் அறுபத்து நாலு வீடுகள்

வியாழக்கிழமை காலை எங்கள் கணினி வகுப்பின் தொலைபேசி அடித்தது. "அவர் போயிட்டார், பிள்ளை. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கதிரையிலை இருந்தவர், அப்பிடியே சரிஞ்சிட்டார்" என்றார் செல்வராணி அக்கா. எங்கள் ஊரில் முப்பது வருடம் தபாற்காரராக இருந்து ஓய்வு பெற்ற சபாநாயகம் அண்ணையின் மனைவி அவர்.

மதியத்துக்குள் வெளிநாட்டு ஊர்ச்சங்கத் தலைவரின் மின்னஞ்சல் வந்துவிட்டது. அண்ணையின் படத்தை ஊர் இணையத்தளத்தின் முகப்பில் போட வேண்டுமாம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு மின்னி மின்னி எரிய வேண்டுமாம். ஒரு நாள் போதுமாம், மறுநாள் யாரோ ஒருவரின் வெள்ளிவிழாக் கலியாணப் படங்களின் முறையாம். 'ஊருக்கு உழைத்த உத்தமர்' என்று கீழே எழுதச் சொல்லியிருந்தார். அந்த உத்தமரின் உழைப்பைத் தளத்திலிருந்து துடைத்தெறியச் சொன்னவர் இவர்தான். துடைத்தவள் நான். அஞ்சலி எழுத இரண்டு பேருக்குமே அருகதை இல்லை. அவருக்கு அது உறைக்காது, எனக்குக் கொஞ்சம் உறைக்கிறது. அதனால் நான் எழுதுகிறேன்.

அண்ணையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுருவில் வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் எங்கள் ஊரில் அறுபத்து நாலு வீடுகள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரே இடம்பெயர்ந்து போனது. தொண்ணூற்றாறுக்குப் பிறகு கொஞ்சப் பேர் திரும்பினார்கள். அண்ணையும் திரும்பி, ஊரின் ஒரே தெருவான அதே ஒழுங்கையில் சைக்கிள் உருட்டித் தபால் கொடுத்தார். பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை, கடிதங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஆளில்லாத வீட்டுக் கடிதங்களை அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்.

ஒன்றை மட்டும் அவரால் திருப்ப முடியவில்லை. முப்பத்தோராம் வீட்டு இராசமணி என்ற கைம்பெண்ணுக்கு ஜேர்மனியிலிருந்து வந்த கடிதம் அது. உறையில் அனுப்பியவர் விலாசம் இல்லை, பிறருடைய கடிதத்தை அண்ணை பிரிக்க மாட்டார். எழுதியது அவருடைய ஒரே மகனாகத்தான் இருக்க வேண்டும். இராசமணியை வன்னியில் கண்டதாகச் சிலர் சொன்னார்கள், இந்தியாவில் முகாமில் என்று சிலர் சொன்னார்கள். மேலிடத்துக்கு அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும் என்று அண்ணை அதைத் தன் அலுமாரியில் வைத்துக்கொண்டார். சட்டப்படி அது குற்றம். ஒருநாள் நானே அதைச் சொல்லி அவரை அதட்டினேன். சட்டம் பேசுவது அப்போது எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிறகு போர்நிறுத்தம் வந்து கொழும்புக்குப் பாதை திறந்தது, சமாதானம் என்று எல்லாரும் பேசினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் சந்திக்குச் சந்தி இன்ரநெற் கடை முளைத்தது. நானும் ஒரு மாடி அறையில் ஐந்து கணினிகளை வைத்து, இணையத்தளம் வடிவமைக்கப் படிப்பிக்கப்படும் என்று பலகை தொங்கவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு புத்தகம், அதிலும் முதற் பாதி. ஓய்வு பெற்ற கையோடு அண்ணை அங்கே ஏறி வந்தார்.

"ஊருக்கு ஒரு இணையத்தளம் செய்யவேணும், பிள்ளை. ஆர் ஆர் எங்கை இருக்கினம் எண்டு போடவேணும். இராசமணியின்ர மகன் எங்கையாவது இருந்து பார்ப்பான்."

முதலில் தாளில் திட்டம் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். படிப்பிப்பவர்கள் எல்லாரும் சொல்வது அது, படிப்பவர்கள் யாரும் செய்வதில்லை. அண்ணை செய்தார். அடுத்த சனிக்கிழமை கடைக் கணக்கு எழுதும் தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றோடு ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். ஒழுங்கையும் வீடுகளும் படமாகக் கீறியிருந்த கொப்பியை, நகரத்துக்கு வரும் வழியில் பண்ணைப் பாலத்து இராணுவச் சோதனைச் சாவடியில் விரித்து வைத்து விசாரித்தார்களாம். இணையத்தளம் என்று விளக்குமளவுக்கு அவருக்குச் சிங்களம் வராது. "தபால், தபால்" என்றே திரும்பத் திரும்பச் சொல்லித் தப்பி வந்திருந்தார்.

கொப்பியைப் பார்த்து நான் சிரித்தேன். மற்ற மாணவர்களையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். முகப்பின் பெயர் 'தபால் கந்தோர்', அவர் வேலை செய்த அஞ்சலகத்தின் நினைவில். அங்கிருந்து ஒரே ஒரு இணைப்பு, முதலாம் வீட்டுக்கு. முதலாம் வீட்டிலிருந்து இரண்டாம் வீட்டுக்கு. அட்டவணை இல்லை, தேடும் பெட்டி இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் வீட்டுக்காரரின் பெயர், இப்போது இருக்குமிடம், அடியில் 'அடுத்த வீடு'. சில பக்கங்களில் 'நாய் கடிக்கும்' என்றும் இருந்தது. அந்த நாய்கள் செத்துப் பத்து வருடமாகியிருக்கும்.

"முப்பத்தோராம் வீட்டைப் பார்க்க வாறவன் முப்பது வீடும் ஏறி இறங்கவேணுமோ, அண்ணை?"

"ஓம். நான் அப்பிடித்தானே போறனான்."

"அவ்வளவு பொறுமையா ஒருத்தரும் பார்க்க மாட்டினம்."

"நேர தன்ர வீட்டிலை போய் இறங்கினா அவன் தன்னைத்தான் பார்ப்பான், பிள்ளை. வழியிலை மற்ற வீடுகளையும் பார்த்துக்கொண்டு வரட்டும். அப்பதான் தனக்குத் தெரிஞ்ச ஆக்களைப் பற்றியும் சொல்லுவான்."

இதற்கு என் புத்தகத்தின் முதற் பாதியில் பதில் இல்லை. இரண்டாம் பாதியிலும் இருந்திருக்காது. நாய்களை மட்டும் எடுத்துவிட அவர் சம்மதித்தார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி, நான்கு மாதத்தில் அறுபத்து நாலு பக்கங்களையும் முடித்தார்.

அந்தத் தளம் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், உயிரோடு இருந்தது. தன் நாற்பதாம் வீட்டைத் தேடி வந்த ஒரு லண்டன்காரி, வழியில் ஒன்பதாம் வீட்டில் தன் பள்ளித் தோழி மட்டக்களப்பில் இருப்பதைக் கண்டு எழுதினார். அண்ணை அந்த மின்னஞ்சலை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இனி இராசமணியின்ர மகனும் எழுதுவான்" என்றார்.

அவன் எழுதுவதற்கு முன்பு சங்கத் தலைவர் விடுமுறைக்கு வந்து இறங்கினார். தளத்தின் பெயரைப் பதிந்து தந்தது சங்கம், ஆகவே தளமும் சங்கத்தினுடையதாம். கோயில் மடத்தில் கூட்டம் வைத்தார்கள்.

"எங்கட வீட்டுக்கு முன்னுக்கு ஆரின்ர வீடு வருகுது எண்டு பார்த்தனீங்களே?" என்று கேட்டார் தலைவர்.

அவருடைய வீடு பத்தொன்பதாவது. பதினெட்டாவது, கள்ளுச் சீவும் ஒருவருடைய வீடு. ஒழுங்கையில் அப்படித்தான் நிற்கிறது. தலைவரின் தகப்பனார் உயிரோடிருந்த காலம் முழுக்க அந்த வேலிக்கு மேலால் கை நீட்டிக் கள்ளு வாங்கியவர். அப்போது படாத தீட்டு இணையத்தில் பட்டுவிட்டது.

"எனக்குத் தெரிஞ்ச வரிசை ஒண்டுதான், தம்பி. வீடுகள் நிக்கிற வரிசை" என்றார் அண்ணை. ஒருவரும் அவர் பக்கம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

வீடுகளை எடுத்துவிடுவதென்று தீர்மானமாயிற்று. முகப்பைக் கோயில் திருவிழா உபயம் போலக் குடும்பத்துக்கு ஒரு கிழமையாகப் பங்கு போட்டார்கள். முதற் கிழமையைக் கொடியேற்றம் என்றார்கள், பொங்கல் கிழமையைத் தேர் என்றார்கள். தேர்க் கிழமை தங்களுக்குத்தான் என்று இரண்டு குடும்பங்கள் கைகலக்கும் வரை போயின. இல்லாத தேருக்கு வடம் பிடிக்க அடிபட்ட அந்தப் பெரிய மனிதர்களைப் போல அற்பர்களை நான் கண்டதில்லை. அவர்களுக்குப் பயந்து அடுத்த நாளே அறுபத்து நாலு பக்கங்களையும் அழித்த என்னை என்னவென்று சொல்வது?

அண்ணை என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, பிள்ளை. கொப்பி இருக்குத்தானே" என்றார். அதன் பிறகும் சனிக்கிழமைகளில் வந்தார். எங்கேயோ விசாரித்து அறிந்த புது விலாசங்களை ஒரு மூலையில் இருந்து கொப்பியில் திருத்துவார். நான் வேலையாக இருப்பதுபோல நடித்துக்கொண்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை செத்தவீட்டில் சங்கத்தின் இரங்கலை ஒருவர் வாசித்தார். 'எமதூரின் தொழில்நுட்பத் தந்தை' என்று அதில் இருந்தது. நான் எழுந்து குசினிப் பக்கம் போய்விட்டேன். செல்வராணி அக்கா அங்கே வந்து கொப்பியையும் கடிதத்தையும் என் கையில் தந்தார். "எனக்கு இதை என்ன செய்யிறதெண்டு தெரியாது. நீர் வைச்சிரும்." முப்பத்தோராம் பக்கத்தில் வன்னி என்று எழுதி வெட்டியிருந்தது. மன்னார் என்று எழுதி வெட்டியிருந்தது. ஒவ்வோர் ஊராக எழுதி வெட்டி, பக்கத்தில் இடமே இல்லை.

இன்று காலை வெள்ளிவிழாப் படங்களை எடுத்து எறிந்தேன். இரவு முழுக்கக் கொப்பியைப் பார்த்துத் தட்டிய அறுபத்து நாலு வீடுகளையும் அவர் நடந்த வரிசையிலேயே திரும்ப ஏற்றிவிட்டேன். பதினெட்டாம் வீட்டைத் தாண்டித்தான் பத்தொன்பதாம் வீட்டுக்குப் போகலாம். கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன், தலைவர் விரும்பிய அளவுக்கு மின்னஞ்சல் அனுப்பட்டும். நீங்கள் இதை வாசிப்பது தளத்தின் முகப்பான அந்தத் தபால் கந்தோரில்தான்.

போய் வாருங்கள், அண்ணை. இனி இந்த ஒழுங்கை என் பொறுப்பு.

முப்பத்தோராம் வீட்டு மகனுக்கு: நீங்கள் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. யாரும் அதைப் பிரிக்கவில்லை. உங்கள் அம்மா உங்களோடு கோபித்துக்கொண்டு பதில் போடாமல் இருந்ததாக நினைக்க வேண்டாம். அவருக்கு அது கிடைக்கவே இல்லை.