அழிக்க மனம் வராத பக்கம்

கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் நாளே டீச்சர் சொல்லிவிட்டாள். இணையப் பக்கத்துக்கும் தலை உண்டு, உடம்பு உண்டு, அடியில் பாதம் உண்டு. ஆங்கிலத்தில் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிய கையோடு ஒரு சந்தேகம் வந்தது.

"அப்போ சாமி படம் வைக்கணும்னா தலையிலதான வைக்கணும்? பாதத்துல வைக்கப்படாதுல்லா?"

பக்கத்தில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "எங்கன வேணும்னாலும் வைக்கலாம்க்கா. ஆனா மொதல்ல கண்ணுல எது படணும்னு யோசிக்கீங்க பாத்தீங்களா, அதுதான் டிசைன்" என்றாள். அவளுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. அன்றைக்கு எனக்கு ஒரு தைரியம் வந்தது.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாற்பத்தாறு வயது. என் கணவர் போலீஸில் ஏட்டு. பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் படிக்கிறார்கள். தென்காசியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மருந்துக்கடை மாடியில், பெண்களுக்கு மதியம் மூன்று மாத வகுப்பு என்று போர்டு வைத்திருந்தார்கள். கேட்டுப் பார்ப்போம் என்றுதான் ஏறினேன்.

"ஏட்டி, கேஸ் அடுப்பு ரெகுலேட்டர் மாட்டவே என்னையக் கூப்பிடுத. நீ வெப்சைட் செய்யப் போறியாக்கும்?" என்றார் என் கணவர்.

"ரெகுலேட்டர் மாட்ட எனக்குத் தெரியும். நீங்க வீட்ல இருக்கீயன்னு கூப்பிடுதேன்" என்றேன்.

வகுப்பில் எல்லாமே எனக்கு அதிசயம். கோண அடைப்புக்குள் எழுதுகிற ஒரு குறியைத் திறந்தால் மூட வேண்டும். மூட மறந்தால் அதற்குக் கீழே உள்ள எழுத்தெல்லாம் தடித்துப் போய் நிற்கும். எங்கே மூடவில்லை என்று வரி வரியாகத் தேடிக் கண்டுபிடிக்கும்போது, தொலைந்த கம்மல் திருகாணி கிடைத்த மாதிரி இருக்கும். எந்தப் பக்கத்தையும் வலது பொத்தானை அமுக்கி உள்ளே திறந்து பார்க்கலாம் என்று சொன்ன அன்று நான் வீட்டுக்கே போகவில்லை. ரயில் டிக்கெட் எடுக்கிற பக்கம், பத்திரிகைப் பக்கம் எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். வெளியே அவ்வளவு மினுக்கு. உள்ளே எல்லாம் நாங்கள் படிக்கிற அதே குறிகள்தாம். பெரிய பெரிய ஆட்களும் திறந்து மூடித்தான் ஆக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

நிறங்களுக்கு ஆறு எழுத்தில் ஒரு எண் உண்டு. மஞ்சளுக்கே எத்தனை எத்தனை எண்கள்! எனக்கு வேண்டியது பூசு மஞ்சள். திரையில் வந்த மஞ்சள் எல்லாம் எலுமிச்சம்பழமாகவே இருந்தது. மறுநாள் குண்டு மஞ்சளைக் கல்லில் உரசி, ஒரு வெள்ளைத் தாளில் தடவிக் கொண்டுபோய்த் திரையோடு ஒட்டினாற்போல் வைத்து, எண்ணை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தேன். முக்கால் மணி நேரம். கடைசியில் கிடைத்தது. டீச்சர் அந்த எண்ணைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆளுக்கு ஒரு பக்கம் செய்ய வேண்டும் என்றார்கள். ஒருத்தி கேக் கடைக்குச் செய்தாள், ஒருத்தி தன் மாமா நடத்துகிற குற்றாலத்து லாட்ஜுக்குச் செய்தாள். நான் எங்கள் குலதெய்வத்தின் கொடைத் திருவிழாவுக்குச் செய்தேன்.

எங்கள் அம்மன் கோயில் எங்கள் மாவட்டத்துத் திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் ஊரில் இருக்கிறது. சொந்தக்காரர்களில் பாதிப்பேர் போலீஸ், பாதிப்பேர் ராணுவம். ஊரில் இருப்பவர்கள் கொஞ்சம்தான். வருடா வருடம் "கொடை என்னைக்கு?" என்று போன் வந்தபடி இருக்கும். தேதியையும் நேரத்தையும் ஒரு பக்கத்தில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் உதவும் என்று நினைத்தேன்.

உள்ளபடி சொன்னால், ஒருவருக்காகவே அதைச் செய்தேன். என் கணவரின் தம்பி. ராணுவத்தில், வடக்கே எல்லையில் இருக்கிறார். அவர் மனைவியும் பிள்ளையும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் முற்றி, பிழைக்குமோ பிழைக்காதோ என்று மூன்று நாள் கிடந்தது. அப்போது கொழுந்தன் அங்கிருந்தே அம்மனுக்கு ஒரு நேர்ச்சை போட்டார், குற்றாலத்துத் தீர்த்தம் தன் தலையில் சுமந்து வருவதாக. பிள்ளை எழுந்துவிட்டது. இப்போது அதற்கு மூன்று வயது. அதற்குப் பிறகு வந்த இரண்டு கொடைக்கும் லீவு கிடைக்கவில்லை. நேர்ச்சை நிற்கிறதே என்று அவருக்கு உள்ளூர ஒரு பயம். பிள்ளைக்குச் சளி பிடித்தால்கூடப் போன் செய்து, "அம்மன் நேர்ச்சைய நெனைச்சிட்டாளோ மதினி?" என்பார். இந்த வருடம் எப்படியும் வந்தாக வேண்டும். தேதி முன்கூட்டியே தெரிந்தால்தான் அவர் லீவு எழுதிக் கொடுக்க முடியும்.

ஊர்க்கூட்டத்தில் சித்திரைக் கடைசிச் செவ்வாய் என்று முடிவானது. தலையில் அம்மன் படம், உடம்பில் தேதி, பாதத்தில் ஊருக்கு வரும் பஸ் விவரம் என்று பக்கத்தை முடித்தேன். வலையேற்றுகிற அன்று நல்ல நேரம் பார்த்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு பொத்தானை அமுக்கினேன். முகவரியை முதன்முதலில் கொழுந்தனுக்குத்தான் அனுப்பினேன். "மதினி, கலக்கிட்டீய. போன்ல மொத ஆளா சேவ் பண்ணி வச்சிட்டேன்" என்று பதில் வந்தது.

பத்து நாளில் தேதி மாறியது. வில்லுப்பாட்டுக்காரர்கள் அதே செவ்வாய்க்கு வேறு ஊரில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அடுத்த செவ்வாய், வைகாசி முதல் செவ்வாய் என்று மாற்றினார்கள். நான் பழைய பக்கத்தைத் தொடாமல் புதிதாக இன்னொரு பக்கம் செய்தேன். இதற்குள் கொஞ்சம் கூடுதலாகப் படித்திருந்தேன் அல்லவா, வேப்பிலைத் தோரணம் அசைகிற மாதிரியெல்லாம் வைத்தேன். குடும்பத்து குரூப்பில் முகவரியைப் போட்டேன்.

"பழச அழிச்சிருங்கக்கா" என்றாள் டீச்சர்.

அழிக்கத்தான் போனேன். ஒரு பெட்டி எழுந்து வந்தது. நிரந்தரமாக நீக்கவா, திரும்பக் கிடைக்காது என்று கேட்டது. பெட்டிக்குப் பின்னால் அம்மன் முகம். என் விரல் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் சாமி படம் போட்ட பத்திரிகை எதையும் கிழிக்க மாட்டோம், குப்பையில் போட மாட்டோம். பரண்மேல் ஒரு பையில் சேர்த்து வைத்து, ஆடி பதினெட்டுக்குச் சிற்றாற்றில் விடுவோம். மாமியார் வீட்டிலும் அப்படித்தான், அம்மா வீட்டிலும் அப்படித்தான். அம்மனைப் பார்த்துக்கொண்டே 'நீக்கு' என்று எப்படி அமுக்குவது? வேண்டாம் என்பதை அமுக்கிவிட்டு வந்தேன். இருந்துவிட்டுப் போகட்டும், யார் அங்கே போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போது கொழுந்தன் பேசினார்.

"மதினி! லீவு கெடச்சிட்டு! பத்து நாளு. போக வரப் பயணம் போக ஊர்ல அஞ்சு நாள் நிப்பேன். சரியா சித்திரக் கடைசிச் செவ்வா. அண்ணன்ட்ட சொல்லிருங்க."

எனக்குக் கையிலிருந்த தீக்குச்சி சுட்டது. "கொடை வைகாசிக்கு மாறிட்டே தம்பி, குரூப்ல போட்டனே" என்றேன்.

"குரூப்பா? பன்னெண்டு நாளு சிக்னலே கெடையாது மதினி. வந்து பாத்தா எண்ணூறு குட் மார்னிங் கெடக்கு, பூவும் காப்பியுமா. அதுல எங்க தேட? நீங்க குடுத்த பக்கத்தத் தொறந்து பாத்தேன். கடைசிச் செவ்வான்னுதான போட்டிருக்கு?"

அப்படித்தான் போட்டிருந்தது. நான்தான் போட்டேன். நான்தான் விட்டு வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டி எழுந்து வந்தது முதல். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"எல்லையில துப்பாக்கி பிடிச்சவன ஒரு மௌஸ வச்சிக் கவுத்துட்டீயளே மதினி."

சிரித்தார்தான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. லீவை மாற்ற முடியாதாம். அவர் திரும்பிப் போனால்தான் அடுத்த ஆள் கிளம்ப முடியும்.

மறுநாள் வகுப்பில் டீச்சரிடம் சொல்லி அழுதேவிட்டேன். அவள் என்னைக் கேலி செய்யவில்லை. "எங்க வீட்லயும் அரபி எழுத்து இருக்க தாளக் கீழ போட மாட்டோம்க்கா. எனக்குப் புரியுது. ஆனா இன்னொருத்தர் ஏமாறக்கூடாதுல்லா" என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "மொதல்ல படத்த மட்டும் வெளிய எடுங்க" என்றாள். எடுத்தேன். படத்துக்கென்று தனியாக ஒரு இடம் செய்து அதில் வைத்தேன். பக்கத்தில் இப்போது வெறும் தேதி, தப்பான தேதி மட்டும் நின்றது. அதை அழிக்க எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. பழைய முகவரியைத் தட்டினால் புதிய பக்கத்துக்கே கொண்டுபோய் விடுகிற வழியையும் அவள் காட்டிக் கொடுத்தாள். இப்படி ஒரு வழி இருப்பது முன்பே தெரிந்திருந்தால் என்று மனம் கிடந்து அடித்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். எத்தனையோ கேள்வி கேட்ட நான் அதை மட்டும் கேட்கவில்லை. பக்தியில் கேள்வி எதற்கு என்று நினைத்துவிட்டேன் போல.

கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார். வந்ததும் ஊரில் கோயில் நிர்வாகம் பார்க்கிற பெரிய அத்தானைப் பார்க்கப் போனோம். என் கணவருக்குப் பெரியப்பா மகன். செவ்வாய்க்கிழமை கோயிலில் கால்நாட்டு. கொடைக்கு ஒரு வாரம் முன்னால் கோயில் வாசலில் பந்தக்கால் ஊன்றி, காலடியில் குடத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். அன்றைக்கே கொழுந்தன் குற்றாலத் தீர்த்தம் கொண்டுவரட்டுமா என்று நான் கேட்டேன்.

"அதெப்படி? தீர்த்தம் கொடைக்குத்தான். கால்நாட்டுக்குக் கெணத்துத் தண்ணி. வழக்கத்த மாத்தப்படாது" என்றார் பெரிய அத்தான். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டார்.

என் கணவர் திடீரென்று தம்பி பக்கம் திரும்பினார். "ஏலே, நேர்ச்ச போடும்போது என்ன சொன்ன? கூட்டாம கொறைக்காம அப்படியே சொல்லு."

"என்னண்ணே, ஸ்டேஷன்ல கேக்க மாதிரி கேக்க?"

"சொல்லுலே."

கொழுந்தன் எழுந்து நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அம்மா, எம் பிள்ளையக் குடுத்திரு. குற்றாலத் தண்ணிய எந் தலையில சொமந்து வந்து ஒன் வாசல்ல ஊத்துதேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"கொடை அன்னைக்குன்னு சொன்னியா?"

"அந்நேரம் கொடையெல்லாம் எங்கண்ணே ஞாபகம்? பிள்ளதான் ஞாபகம்."

என் கணவர் பெரிய அத்தானைப் பார்த்தார். "கேட்டீயளா அண்ணாச்சி? கொடைன்னு அவன் சொல்லவே இல்ல. நாமளா வச்சிக்கிட்டது."

பெரிய அத்தான் வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் முகட்டையே பார்த்தார். "ஏட்டையா வாக்குமூலம் வாங்கிட்டாரு. இனி நான் என்ன சொல்ல? கெணத்துத் தண்ணியும் ஊத்தணும், பாத்துக்க. அத விட முடியாது" என்றார்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது குற்றாலத்தில் இருந்தோம். சீசனுக்கு இன்னும் நாள் கிடந்தது. எண்ணெய்க் கடைகள் பாதி பூட்டியிருந்தன, பேரருவியில் பாறை முழுக்கத் தெரிந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் விரல் தடிமனில் தண்ணீர் இறங்கியது. கொழுந்தன் ஈர வேட்டியோடு அதன் கீழே குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடம் நிறைய வெகு நேரம் ஆனது. அவர் கையை மாற்றவே இல்லை. வேனில் ஏறியதும் குடத்தை மடியிலேயே வைத்துக்கொண்டார். திருவேங்கடம் தாண்டி ஊர் எல்லையில் இறங்கித் தலையில் ஏற்றினார்.

மேளம் இல்லை, வில்லு இல்லை, கூட்டம் இல்லை. பூசாரி, பெரிய அத்தான், நாங்கள், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். கரிசல் வெயிலில் அவர் முன்னே நடக்க, பிள்ளையை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னே நடந்தேன். குடம் தளும்பி அவர் முதுகெல்லாம் நனைந்திருந்தது. பிள்ளை, "அப்பா ஒழுகுதாரு" என்றது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரிய அத்தானும் சிரித்தார்.

பூசாரி முதலில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். பிறகு விலகிக்கொண்டார். கொழுந்தன் குடத்தை இறக்கி, அம்மன் வாசலைப் பார்த்தபடி பந்தக்காலின் அடியில் முழுவதையும் ஊற்றினார். கரிசல் மண் அதைக் குடித்த வேகத்தைப் பார்த்தால், தண்ணீர் கொண்டுவரவே இல்லை என்று தோன்றும். அவர் காலிக் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"மதினி, இது போதும்லா?" என்று மெதுவாகக் கேட்டார்.

என்னிடம் கேட்கிறாரே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். பூசாரி வந்து இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு பூசினார். அடுத்த செவ்வாய் கொடைக்குக் கொழுந்தன் இல்லை. அதற்குள் வடக்கே போய்ச் சேர்ந்திருந்தார். ஆனால் பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது என்று ஆடி மாதத்தில் நான் போனில் சொன்னபோது, "சாரல் காத்துல்லா, கஷாயம் குடுங்க மதினி" என்று மட்டும்தான் சொன்னார்.