எலும்பு முறிவு இருக்கா? காவலூர் தாண்டி ஒரு ஞாயிறு

அருவிப் படம் பார்க்கலாம் என்று வந்தவர்கள் மன்னிக்கவும். ஜவ்வாது மலையின் அருவி, படகு, மிளகாய் பஜ்ஜி எல்லாவற்றையும் பழைய பதிவுகளில் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. இந்த ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மலையேறியது சுற்றிப் பார்க்க அல்ல. வழித் தகவலை மட்டும் வழக்கம்போலத் தருகிறேன், யாருக்காவது உதவும்.

போனதற்குக் காரணம் என் தங்கை நஸ்ரீன். எலும்பு ஆரோக்கியம் பற்றிய ஓர் ஆய்வுக் குழுவில் வேலை பார்க்கிறாள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பு எவ்வளவு உறுதியாக இருக்கிறது, கீழே விழுந்தால் முறிகிற ஆபத்து யாருக்கு அதிகம் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது அவர்கள் வேலை. குதிகாலை உள்ளே வைத்தால் எலும்பின் அடர்த்தியைக் காட்டுகிற சிறிய கருவி ஒன்றைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு போவார்கள். கூடவே சில கேள்விகள். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஆபத்து அதிகம் உள்ளவர்களை நகரத்து மருத்துவமனைக்கு வரவழைத்து, பெரிய ஸ்கேன் எடுத்து, மாத்திரை கொடுப்பார்கள். நோயின் பெயர் எலும்புப்புரை. எங்கள் வீட்டிலோ முதுகு வலி, முட்டி வலி, சோம்பேறித்தனம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், தேய்மானம். நஸ்ரீன் திருத்தித் திருத்திக் களைத்துவிட்டாள்.

போன தை மாதம் அவர்கள் காவலூருக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்தில் முகாம் போட்டிருந்தார்கள். அந்த ஊரின் செவிலியர் இந்த ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தார். முகாமுக்கு வந்த பச்சையம்மா மூன்று வாரம் முன்பு மாட்டுக் கொட்டகை பக்கம் மழையில் வழுக்கி விழுந்துவிட்டார், எழுந்திருக்கவே இல்லை, மருத்துவமனைக்கும் வர மாட்டோம் என்கிறார்கள், நீங்கள் வந்து சொன்னால் கேட்பார்களோ என்னவோ என்றார். போனை வைத்ததும் நஸ்ரீன் என்னிடம் வந்தாள். "பாய்ஜான், வண்டி எடுப்பியா?" என்று மட்டும் கேட்டாள். பாய்ஜான் என்றால் அண்ணன்; வீட்டில் நாங்கள் பேசுவது உருது, இங்கே தமிழில் எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு வாணியம்பாடியை விட்டோம். ஆலங்காயம் வரை சுமார் இருபது கிலோமீட்டர், நல்ல சாலை. டீயும் பெட்ரோலும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், மேலே பங்க் இருக்கும் என்று நம்பி ஏறாதீர்கள். பேருந்தில் வருகிறவர்களுக்கும் ஆலங்காயம்தான் வண்டி மாறும் இடம். அதன் பிறகு காவலூர் வரை மலைப்பாதை. வளைவுகள் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் வேகத்தடைகளுக்கு வெள்ளைக் கோடு போட இந்த ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை. ஏறும்போது அதைச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டே போனேன். நஸ்ரீன் சிரிக்கவில்லை.

காவலூரில் மரங்களுக்கு மேலே வானாய்வு மையத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரிந்தது. டீக்கடையில் வழி கேட்டேன். கடைக்காரர் என் தொப்பியையும் காரையும் பார்த்துவிட்டு, "இன்னா பாய், டெலஸ்கோப் பாக்க வந்தீங்களா? இன்னிக்கி வுட மாட்டாங்களே" என்றார்.

"இல்லீங்க, பச்சையம்மா வூட்டுக்குப் போவணும். இடுப்பு அடிபட்டுக் கெடக்கறாங்களே."

அவர் முகம் மாறிவிட்டது. "அவங்களா? தரைப்பாலம் வரிக்கும்தான் கார் போவும் பாய். அப்பால மேட்டுல ஒரு கிலோமீட்டர் நடக்கணும். பாத்துப் போங்க, ஈரம் வழுக்கும்." டீக்குக் காசு வாங்கவில்லை.

மேட்டில் ஏறும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டு பக்கமும் சாமை, நடுநடுவே புளியமரங்கள். வேறொரு நாளாக இருந்திருந்தால் பத்துப் படமாவது எடுத்திருப்பேன்.

பச்சையம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். இடது கால் வலது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிச் சாய்ந்திருந்தது. நஸ்ரீன் அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். இடுப்பு மூட்டு முறிந்தால் கால் அப்படித்தான் கிடக்கும் என்று பிறகு எனக்குச் சொன்னாள்.

"வா டாக்டரம்மா" என்றார் பச்சையம்மா. தான் டாக்டர் இல்லை என்று நஸ்ரீன் தை மாதமே சொல்லியிருக்கிறாள், அந்த ஊர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

கணவர் கோவிந்தன் எங்களுக்குப் பாய் விரித்தார். மனிதர் எங்கள் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. "எலும்புக் கட்டுக்காரர் வந்து பாத்தாருங்க. இடுப்புக்குக் கட்டு நிக்காது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்கன்னு அன்னிக்கே சொல்லிட்டாரு. நான்தாங்க கேக்கல. கை கூடிச்சே, இதுவும் படுத்துக் கெடந்தா கூடிரும்னு வுட்டுட்டேன்."

"எந்தக் கை?" என்றாள் நஸ்ரீன்.

பச்சையம்மா போர்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து நீட்டினார். மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கையில் அரை டஜன் கண்ணாடி வளையல், இந்தக் கை மொட்டை. "மூணு வருசம் இருக்கும் கண்ணு. புளி உலுக்கப் போனேன், கல்லு சறுக்கி கைய ஊனி வுழுந்துட்டேன். புத்தூர் கட்டு கட்டிக்கினு வந்தோம். கூடிப்போச்சு. வளையல்தான் ஏறமாட்டேங்குது."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள புத்தூரில் மூங்கில் பட்டை வைத்து எலும்புக்குக் கட்டுப் போடுவார்கள். எங்கள் பக்கம் கை கால் போனால் பாதிப் பேருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

நஸ்ரீன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தை மாசம் நான் கேட்டேனேம்மா, எலும்பு முறிவு ஏதாவது இருக்கான்னு?"

"கேட்டியே. இல்லன்னு சொன்னேன்." பச்சையம்மாவுக்கு இந்தக் கேள்வி ஏன் என்றே புரியவில்லை. "அப்ப இல்லியே கண்ணு. அது எப்பவோ கூடிப்போச்சே."

நாற்பதைத் தாண்டியவர்கள் நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஒரு முறை எலும்பு முறித்திருந்தால், அடுத்த முறிவுக்கான ஆபத்து வெகுவாகக் கூடிவிடுமாம். ஆகவே முகாமில் அதுதான் கனமான கேள்வி. குழுவுக்குக் கொடுத்திருந்த வாசகம் 'எலும்பு முறிவு ஏற்பட்டதுண்டா?' என்பது. முதல் நாள் அந்த வாசகத்தைக் கேட்டு மலைப் பெண்கள் விழித்தார்கள். பாவம், அவர்களுக்குப் புரிகிற மாதிரிக் கேட்போம் என்று குழுவில் எல்லோரும் கூடிப் பேசி, மறுநாள் முதல் 'எலும்பு முறிவு இருக்கா?' என்று மாற்றிக்கொண்டார்கள். மனதார நல்லது நினைத்துச் செய்த காரியம். முறிந்து கூடிய எலும்பை வைத்திருக்கிற பெண்ணிடம் 'இருக்கா' என்றால் 'இல்லீங்க' என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்? குதிகால் கருவியின் அளவு அவருக்கு எல்லைக்கோட்டில் நின்றிருந்தது. அந்த ஒரு 'இல்லீங்க' அவரைப் பாதுகாப்பான பக்கம் தள்ளிவிட்டது. பெரிய ஸ்கேனும் இல்லை, மாத்திரையும் இல்லை.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது திரும்பும் வழியில். அந்த வீட்டில் அப்போது இருந்த கவலை ஒன்றுதான், இனியாவது அவரைக் கீழே கொண்டுபோவது. வேலூரில் தெரிந்த எலும்பு மருத்துவருக்கு நஸ்ரீன் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். தாமதமாகிவிட்டது, ஆனாலும் அறுவை சிகிச்சை செய்யலாம், படுக்கையிலேயே விட்டால் நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும், உயிருக்கே ஆபத்து என்றார் அவர்.

"கத்தி வெச்சா எழுந்துக்கவே மாட்டாங்கன்னு ஊர்ல சொல்றாங்களே" என்றார் கோவிந்தன்.

"கத்தி வைக்கலன்னாதாங்க எழுந்துக்க மாட்டாங்க" என்றாள் நஸ்ரீன்.

கோவிந்தன் மனைவியைப் பார்த்தார். பச்சையம்மா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "தூக்கினு போங்க. எங்க ஆட்ட மேய்க்க யாரு ஓட்டினு போவாங்கன்னு மட்டும் சொல்லிட்டுத் தூக்குங்க" என்றார். பக்கத்து வீட்டுப் பெண் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகுதான் கட்டிலைத் தொட விட்டார்.

நான்கு ஆண்கள் கட்டிலோடு தரைப்பாலம் வரை சுமந்தார்கள். அங்கே நஸ்ரீன் அழைத்திருந்த ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நஸ்ரீன் அதில் ஏறிக்கொண்டாள், நான் காரில் பின்னாலேயே போனேன். ஏறும்போது நான் வேடிக்கையாகத் திட்டிய வேகத்தடைகள் ஒவ்வொன்றிலும் முன்னால் போகிற வண்டி ஏறி இறங்கியது. உள்ளே அந்த அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் செய்ய வழியில்லை.

வேலூர் மருத்துவமனையில் பச்சையம்மாவைச் சேர்த்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்ததும், நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு அழுதாள் என் தங்கை. "வளையல் ஒரு கையில மட்டும்தான் இருந்துச்சு பாய்ஜான். அன்னிக்கே பாத்தேன். அவங்க வழக்கம்னு நெனச்சுட்டேன். குதிகாலையே பாத்துக்கிட்டு இருந்தேன், கைய ஒரு தடவ தொட்டுப் பாக்கல." அவள் அழுது முடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. நாள் கடந்துவிட்டதால் முறிந்த எலும்பை ஒட்ட வைக்க வழியில்லாமல், இடுப்பு மூட்டில் பாதியை மாற்ற வேண்டியதாகிவிட்டது. பச்சையம்மா இப்போது நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். மேட்டில் உள்ள அந்த வீட்டுக்கு அவரால் ஏற முடியாது. ஆலங்காயத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். நஸ்ரீனின் குழு முகாம் போட்ட ஊர்களுக்கெல்லாம் மறுபடி ஏறி, இந்த முறை 'எப்பவாவது கட்டுக் கட்டினீங்களா?' என்று கேட்டது. முன்பு இல்லை என்றவர்களில் சிலர் கையை நீட்டினார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

இனி, போகப்போகிறவர்களுக்கு. மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வருவதென்றால் பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். வானாய்வு மையம் பார்க்க நினைத்தால் எந்த நாளில் அனுமதி என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். மேலே சில இடங்களில் போன் எடுக்காது, அவசர எண்ணை அழைக்க வேண்டி வந்தால் காவலூர்ப் பக்கம் வந்து அழையுங்கள். வயதானவர்கள் யாராவது விழுந்து இடுப்பில் வலி என்று காலை ஊன்ற மறுத்தால், காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் நாற்பது தாண்டிய பெண்கள் இருந்தால், முன்பு எப்போதாவது விழுந்து கை கால் முறிந்ததா, கட்டுப் போட்டார்களா என்று இந்த வாரமே கேளுங்கள். இருக்கா என்று கேட்காதீர்கள்.

போன வாரம் நஸ்ரீனும் நானும் ஆலங்காயம் போயிருந்தோம். வாரம் ஒன்று போட வேண்டிய மாத்திரையை எப்படிப் போட வேண்டும், போட்ட பிறகு அரை மணி நேரம் ஏன் படுக்கக் கூடாது என்று அவள் விளக்கினாள். பச்சையம்மா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாத்திர நான் வுழறதுக்கு முன்னாடியே இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"எனக்கு ஏன் குடுக்கல?"

நஸ்ரீன் எதையும் மறைக்கவில்லை. கேள்வியை மாற்றியது, அவர் இல்லை என்றது, அதனால் ஸ்கேனுக்குக் கூப்பிடாமல் விட்டது எல்லாம் சொன்னாள்.

"அப்பவே போட்டிருந்தா இடுப்பு ஒடஞ்சிருக்காதா?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஒடையாம இருந்திருக்கலாம்."

பச்சையம்மா மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படட்டும் என்றுகூட நினைத்தேன்.

"நீ கேட்டதுக்கு நான் சரியாத்தான சொன்னேன்?" என்றார்.

"சரியாத்தாம்மா சொன்னீங்க."

"ஆஸ்பத்திரில டாக்டருங்க, முகாம்ல நான் இல்லன்னு சொன்னதப் பத்திப் பேசிக்கினாங்க" என்றார் பச்சையம்மா. "நான்தான் பொய் சொல்லிட்டேனோன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு கீறேன்."