ஐந்தடி ஆறங்குலம்

பதினாலு வயது நடக்கும்போது ஒருநாள் காலை பத்மாசினி அடுக்களை வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். அதுவரை அந்த வீட்டில் நிலையில் இடிபடுகிறவர் அவளுடைய தகப்பன் பரமலிங்கம் ஒருவர்தான். தெல்லிப்பழையில் வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்கிற மனுசன். துலா இல்லாமல் கையாலேயே கிணற்றில் தண்ணீர் அள்ளுவார் என்று ஊரில் பகிடி பண்ணும் அளவுக்கு நெடியவர். ஆண்பிள்ளைக்கு அது சரி. மகளின் நெற்றிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த தாய் இரத்தினம்மா அவளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். அன்றைக்குத் தொடங்கியது பாடம்.

"இனி உப்பிடி நிமிந்து நடவாதை பிள்ளை. கழுத்தைக் கொஞ்சம் உள்ளுக்கு எடு. தோளை விடு. ஓம், அப்பிடித்தான்."

கோயிலில் பெண்கள் வரிசையில் நிற்கும்போது ஒரு முழங்காலைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். கலியாண வீட்டுக்குப் போனால் கண்ட கதிரையில் முதல் ஆளாக இருந்துவிட வேண்டும். குட்டையான சிநேகிதிகளோடு சேர்ந்து தெரு ஒழுங்கையில் வரக்கூடாது. நெடிய பெட்டையள் இருந்த வீடுகளில் எல்லாம் இந்தப் பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஒருவரும் அதை வெளியில் சொல்வதில்லை. அடக்கமான பிள்ளை என்று பிறத்தியார் சொன்னால், பாடம் நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள். பத்மாசினி கெட்டிக்காரி. ஒரு வருடத்துக்குள் குனிவு அவளுக்கு மூச்சு விடுவது போல் ஆகிவிட்டது.

அவள் படித்த பெண்கள் கல்லூரியில் விடுதியும் இருந்தது; அவள் அங்கேதான் தங்கினாள். கூடைப்பந்துக்கு ஒரு சீமெந்துத் தரையும் இருந்தது. விளையாட்டுப் படிப்பித்தவர் கமலாவதி ரீச்சர். மதராசில் உடற்கல்வி படித்துவிட்டு வந்தவர். பத்மாசினியைக் கண்ட முதல் நாளே அவளைக் கொண்டுபோய் வளையத்துக்குக் கீழே நிறுத்தினார். கையை மேலே வைத்திரு, பந்து வந்தால் போடு, அவ்வளவுதான் உன்னுடைய வேலை. எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் அதுதான் முறை. நெட்டை வளையத்துக்குக் கீழே நிற்கும். கட்டையானவர்கள் பந்தைத் தரையில் தட்டித் தட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கட்டையானவர்களிடமிருந்து பந்து பாதி வழியில் பறிபோய்க்கொண்டே இருந்ததால் பத்மாசினிக்கு வேலையே இருக்கவில்லை. தந்திக்கம்பம் என்று பெயர் வைத்தார்கள். அவளும் சிரித்துவிட்டுக் கையை மேலே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஒருநாள் பின்னேரம் பந்து வேலியோரம் உருண்டு போயிற்று. எடுக்கப் போனவள், கையில் தூக்கிக்கொண்டு வராமல் தட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். விளையாட்டாக மூன்று பிள்ளைகள் பறிக்க வந்தார்கள். முடியவில்லை. இடுப்பும் முழங்காலும் தாயார் பழக்கியபடி வளைந்திருந்தன. பந்து தரையிலிருந்து அதிகம் எழும்பாமல் அவள் விரல்களுக்குக் கீழேயே கிடந்து துடித்தது. மற்ற நீண்ட கை வேலிபோல் முன்னால் நின்றது. வளையத்துக்குக் கிட்ட வந்ததும் அவள் நிமிர்ந்தாள். கிடுகு வேலிக்கு மேலால் பார்ப்பதுபோல எல்லாத் தலைகளுக்கும் மேலால் முழுத் தரையும் தெரிந்தது. பந்தை மெல்ல வளையத்துக்குள் போட்டாள்.

கமலாவதி ரீச்சர் வாயிலிருந்த விசிலை எடுத்தார். "இன்னொருக்கால் செய்," என்றார்.

அதற்குப் பிறகு பந்து கொண்டுவருவது அவள் வேலையானது. வளையத்துக்குக் கீழே ஒரு கட்டைப் பிள்ளை நின்றது. பட்டினத்தில் நடந்த முதல் போட்டியில் மற்றப் பள்ளிக்கூடத்து ரீச்சர்மார் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பனையை ஓடவிட்டு வடலியை நட்டு வைச்சிருக்கிறா கமலாவதி என்று ஒருத்தி சொன்னது இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. அந்தச் சிரிப்பு இடைவேளையோடு நின்றுபோயிற்று.

பத்மாசினிக்கு வெற்றி தோல்வி பெரிதாகப் படவில்லை. குனிந்துகொண்டே வந்து கடைசியில் நிமிர்கிற அந்தக் கணம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. உலகத்தில் வேறெந்த இடத்திலும் அவளுக்கு அதற்கு அனுமதி இல்லை. வளர்த்தியோ நிற்கவில்லை. விளையாட்டுச் சட்டை முழங்காலுக்கு மேலே ஏறிக்கொண்டே போனது. தவணைக்குத் தவணை விடுதிப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்து அதையும் தையல் அறைக்குக் கொடுத்தனுப்புவாள். கீழ் ஓரம் அவிழ்க்கப்பட்டு, நீளமாகித் திரும்பி வரும். யார் அவிழ்த்தார்கள் என்று அவள் யோசித்ததில்லை.

அறுபத்துநாலாம் ஆண்டு இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. மதராசுக்குப் போய் விளையாடுவதற்குப் பள்ளிக்கூடப் பெண்கள் அணி ஒன்று கொழும்பில் சேர்க்கிறார்கள் என்பது முதலாவது. கமலாவதி ரீச்சர் அங்கே ஒரு கூட்டத்துக்குப் போனவர், கட்டையான பிள்ளைபோலப் பந்து கொண்டுவருகிற நெடிய பிள்ளை ஒன்று எங்களிடம் இருக்கிறது, நீங்கள் அப்படியொன்றைக் கண்டிருக்கமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். தெரிவு செய்கிறவர்கள் நேரில் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்கள். பத்மாசினி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மதராஸ் அவளுக்குப் பெரிதில்லை. அத்தனை பேருக்கு முன்னால் நிமிர்வதை நினைத்துத்தான் பயந்தாள்.

இரண்டாவது செய்தியைத் தரகர் தம்பிஐயா கொண்டுவந்தார். மாப்பிள்ளை உடுப்பிட்டி, பெயர் சோதிலிங்கம், கொழும்பில் அரசாங்கக் கிளாக்கர். சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. பெண்ணின் உயரம் என்ன என்று கேட்டபோது இரத்தினம்மா கண்ணை மூடிக்கொண்டு ஐந்தடி ஆறங்குலம் என்றாள். உண்மையில் அதைவிட நாலங்குலம் கூட, ஐந்தடி பத்து. மாப்பிள்ளை ஐந்தடி எட்டு என்று தம்பிஐயாவும் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை இரத்தினம்மா பலகாரத்தோடு விடுதிக்கு வந்து, மகளைப் புறம்பாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"உங்கடை தையல் ரீச்சர் பராசக்தி மாப்பிள்ளையின்ரை பெரியம்மாவாம். அவவின்ரை கண்ணிலை நிமிந்து நிண்டு பட்டிடாதை. உனக்குப் பின்னாலை ரெண்டு பெட்டையள் இருக்கு, நினைச்சுக்கொள்."

பத்மாசினி தலையாட்டினாள். மதராஸ் கதையைத் தாயிடம் சொல்லவில்லை. இரண்டையும் எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று நம்பினாள். விளையாட்டுத் தரைப் பக்கம் தையல் ரீச்சர் வருவதில்லைதானே.

கொழும்பிலிருந்து ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும் வந்தார்கள். பந்து கொண்டுவரக் கொழும்பிலேயே ஆட்கள் தாராளம், தங்களுக்கு உயரம்தான் தேவை என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் சொன்னார். அதனால் காலையில் உயரம் அளப்பது. ஐந்தடி எட்டுக்கு மேற்பட்டவர்களை மட்டும் பின்னேரம் விளையாடவிட்டுப் பார்ப்பது. மண்டபச் சுவரில் பியோன் வெண்கட்டியால் கோடு கீறினான். பிள்ளைகளின் தலையில் ஆம்பிளை கைவைத்து அளப்பது அழகில்லை என்று யாரோ சொல்ல, அளவுநாடாவோடு பராசக்தி ரீச்சரைக் கூட்டி வந்தார்கள்.

வரிசையில் நின்ற பத்மாசினி அதைக் கண்டாள். முன்னால் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக விலக, தையல் ரீச்சரின் மூக்குக்கண்ணாடி கிட்டக் கிட்ட வந்தது. அவள் எதையும் தீர்மானிக்கவில்லை. பின்னாளில் எவ்வளவு யோசித்தும் தீர்மானித்ததாக அவளுக்கு நினைவில்லை. சுவரில் முதுகு பட்டது. நீளப் பாவாடைக்குள் முழங்கால்கள் தளர்ந்தன. கழுத்து உள்ளே போயிற்று. தோள் தானாகவே இறங்கியது. தலையில் பராசக்தி ரீச்சரின் கை வந்து அமர்ந்து, ஏதோ யோசிப்பதுபோல் கொஞ்சம் தாமதித்தது.

ஐந்தடி ஆறங்குலம் என்றார் பராசக்தி ரீச்சர்.

கொழும்பு அம்மா சிரித்தார். நீங்கள் சொன்ன பனை இதுதானா என்று கமலாவதி ரீச்சரைப் பார்த்துக் கேட்டார். கமலாவதி ரீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. இன்னொருமுறை அளக்கும்படி கேட்டுவிட்டுப் பத்மாசினிக்குக் கிட்ட வந்தார்.

"பத்மா, வடிவா நில்."

"வடிவாத்தான் நிக்கிறன் ரீச்சர்."

இரண்டாம் முறையும் ஐந்தடி ஆறுதான். ஒரு நூல்கூடக் கூடவில்லை, குறையவில்லை, அவ்வளவு தேர்ச்சி.

பின்னேரம், அளக்க வந்திருந்த மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று விளையாடியது. நல்ல உயரம், பந்து தரையில் பட்டால் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. அந்தப் பிள்ளையைத்தான் எடுத்தார்கள். எல்லாரும் போனபின் கமலாவதி ரீச்சர் வாங்குப் பலகையில் இருந்த பத்மாசினியிடம் வந்தார். ஏசுவார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"நீ குனிஞ்சு குனிஞ்சு வந்து கடைசியிலை நிமிருறனிதானே. அதுதான் இண்டைக்கும் நிமிருவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றார். பிறகு பந்துகளைப் பொறுக்கிச் சாக்கில் போடத் தொடங்கினார்.

அடுத்த வருடம் கலியாணம் நடந்தது. சோதிலிங்கம் தரகர் சொன்ன ஐந்தடி எட்டு இல்லை. அவர்தான் உண்மையான ஐந்தடி ஆறு. பட்டினத்து ஸ்ரூடியோவில் எடுத்த படத்தில் அவள் கதிரையில் இருக்கிறாள், அவர் கோட்டுப் போட்டுப் பக்கத்தில் நிற்கிறார். நல்ல மனுசன். குரல் உயர்த்திக் கதைக்கமாட்டார். சில வருடம் கொழும்பில் இருந்துவிட்டு மாற்றம் எடுத்து உடுப்பிட்டிக்கு வந்தார்கள். அவரோடு வெளியில் போகும்போதெல்லாம் பத்மாசினி முன்னையிலும் கூடக் குனிந்து, அரை அடி பின்னால் நடந்தாள். அவர் அதைப்பற்றி ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. தன் உயரம் அவருக்கு ஒரு குறை, அதை வெளிக்காட்டாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்றே அவள் எண்ணினாள். அதற்காக அவரிடம் நன்றியும் வைத்திருந்தாள்.

எண்பத்தோராம் ஆண்டு தொடக்கம். மகள் சிவமலருக்குப் பதினாலு வயது. உயரத்தில் தகப்பனை எட்டத் தொடங்கிவிட்டாள். விளையாட்டில் ஆசையில்லாத பிள்ளை. பள்ளிக்கூடச் சட்டை கட்டையாகிவிட்டது என்று கொண்டுவந்து தாயின் மடியில் போட்டுவிட்டுப் போனாள். பத்மாசினி விறாந்தையில் இருந்து, ஓரத்துத் தையலை ஊசியால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சோதிலிங்கம் கந்தோர்ச் சிநேகிதர் ஒருவரிடம் வாங்கி வந்த ஆங்கிலச் சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை பாரும்," என்றார். "அமெரிக்காவிலை இப்ப ஆறடி ஒன்பது அங்குலத்திலை ஒரு பொடியன் பாஸ்கற்போல் விளையாடுறானாம். வளையத்துக்குக் கீழை நிக்கிறேல்லையாம். கட்டையன்மாதிரி அவன்தான் பந்தைக் கொண்டு வாறானாம். உலகம் இதுவரைக்கும் காணாத புதுமை எண்டு எழுதியிருக்கிறான்கள்." பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "நான் உதை அறுபத்துநாலிலையே கண்டிட்டன்."

பத்மாசினியின் ஊசி நின்றது. என்னத்தைக் கண்டீர்கள் என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். சம்பந்தம் பேசத் தொடங்கின நேரம் லீவில் வந்தபோது, பெரியம்மா அவரைப் பட்டினத்துக்குக் கூட்டிப்போய், சனத்துக்குள் நிறுத்தி ஒரு போட்டியைக் காட்டியிருக்கிறார். "நீர் குனிஞ்சுகொண்டு வந்தீர். கடைசியிலை ஒருக்கா நிமிந்தீர். அதைப் பாத்திட்டுத்தான் ஓம் எண்டனான். உம்மடை அம்மா சொன்ன ஐஞ்சு ஆறைக் கேட்டு நானும் பெரியம்மாவும் சிரிச்சம். உம்மடை சட்டைக்கெல்லாம் இப்பிடி ஓரம் அவிட்டு விட்டவ அவதானே. உம்மடை உயரம் அவவுக்குத் தெரியாதோ?"

மடியில் கிடந்த சட்டையைப் பத்மாசினி பார்த்தாள். தவணைக்குத் தவணை நீளமாகி வந்த அந்த விளையாட்டுச் சட்டை நினைவில் வந்தது. தலையில் தாமதித்த கையும் வந்தது.

"அப்ப அண்டைக்குச் சுவரிலை வைச்சு அளக்கேக்கை ஏன் அவ பேசாமல் நிண்டவ?"

"போக விருப்பமில்லாமல்தான் பிள்ளை குனியுது எண்டு நினைச்சவவாம். ரெண்டாம் முறையும் குனிஞ்சனீராம். பாவம், அந்தப் பிள்ளையைக் காட்டிக் குடுக்கக்கூடாது எண்டு சொன்னவ."

"நீங்கள் இவ்வளவு காலமும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"கலியாணம் முடிச்சும் நீர் குனிஞ்சுதானே நடந்தீர். நிமிந்து நடவும் எண்டால், நான் கட்டையன் எண்டதை நானே சொல்லிக் காட்டினமாதிரி இருக்கும். உமக்கும் நோகும். விட்டிட்டன்."

அவளுக்குக் கோபப்பட ஆள் கிடைக்கவில்லை. பராசக்தி ரீச்சர் செத்து இரண்டு வருடம். கமலாவதி ரீச்சர் நைஜீரியாவில் படிப்பிக்கப் போனவர். விலாசம் அறிந்தவர்கள் இல்லை. தாய் இப்போது கண் தெரியாமல் பத்மாசினியின் தங்கை வீட்டில் இருக்கிறாள். எல்லாரும் தன்னைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறார்கள். யாருக்குப் பயந்து குனிந்தாளோ அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நிமிர்ந்திருந்தால் மதராசும் கிடைத்திருக்கும், இதே மனுசனும் கிடைத்திருப்பார்.

அவள் முகத்தைப் பார்த்த சோதிலிங்கத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்திருக்க வேண்டும். எழுந்து போய்த் தையல்மெசின் லாச்சியிலிருந்து அளவுநாடாவை எடுத்து வந்தார். மகளைக் கூப்பிட்டார். வாரும், இண்டைக்கு ஒழுங்காக அளந்து பாப்பம் என்று மனைவியைச் சுவரடிக்கு அழைத்தார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தவள், எழுந்து போனாள். செருப்பைக் கழற்றினாள். குதிக்காலைச் சுவரோடு சேர்த்தாள். முழங்கால்களை விறைப்பாக்கி, தோளைப் பின்னுக்குத் தள்ளி, கழுத்தை உயர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிவமலர் முக்காலியில் ஏறித் தாயின் தலையில் அடிமட்டத்தை வைத்தாள். சோதிலிங்கம் நாடாவைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

ஐந்தடி எட்டு. அதற்குமேல் வரவில்லை.

"அம்மா, இன்னும் கொஞ்சம் நிமிருங்கோ," என்றாள் சிவமலர்.

"நிமிந்துதான் நிக்கிறன் பிள்ளை."