வாயைத் திறந்து காட்டுங்க

அறைக்குள் நுழைந்ததும் அவர் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. நேராகப் போய் ஜன்னலைத் திறக்கிறார். கம்பியில் காயும் துண்டுகளையும் வெயிலுக்கு அடைத்த அட்டையையும் உருவிக் கட்டில்மேல் போடுகிறார். "காத்துக்கு வாடகை கிடையாதுப்பா, உள்ள விடுங்க" என்கிறார். பன்னிரண்டு பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் தொழிலாளர் விடுதிகளில் அவர் பெயரே ஜன்னல்காரர்தான்.

ஒரு பழைய புரொஜெக்டர், தோளில் ஸ்பீக்கர், பையில் சளி பிடிக்கும் டப்பாக்கள். ஊர்விட்டு ஊர் வந்து உழைப்பவர்களுக்குக் காசநோய் பற்றிப் படம் காட்டுவது அவர் உத்தியோகம். அதற்கு முன் கொத்தனார். அதனால் திரை கட்டச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சுவரைக் கையால் தடவி, பூச்சு சமமாக இருக்கும் இடத்தில்தான் படம். எங்குமே சமமாக இல்லையென்றால், பூசியவனை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் தொடங்குவார்.

முதலில் அலுவலகம் கொடுத்த படத்தைத்தான் காட்டினார். அதில் ஒரு டாக்டர் சிரித்தபடி எக்ஸ்ரே இயந்திரத்தைக் காட்டுவார். அந்த இடம் வந்ததும் பாதி அறை காலியாகிவிடும். அலுவலகத்தாருக்குக் காரணம் விளங்கவில்லை. இவருக்கு உடனே விளங்கியது. வேலைக்கு வந்த முதல் நாள் எல்லோரும் அந்த இயந்திரத்துக்கு நெஞ்சைக் கொடுத்து நின்றவர்கள். நெஞ்சில் ஒரு கறை தெரிந்தால் ஊருக்கு டிக்கெட் என்று பயந்தவர்கள். இவரே ஒரு காலத்தில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் இருமியவர்தான். நான்கு மாதம் மறைத்துச் சாகக் கிடந்து பிழைத்தார்.

எனவே செல்போனிலேயே சொந்தமாக ஒரு படம் எடுத்தார். முதல் காட்சியில் இவர் மாத்திரை விழுங்குகிறார். ஊரிலிருந்து வீடியோ காலில் மனைவி, "முழுங்கிட்டீங்களா? எங்க, வாயைத் திறந்து காட்டுங்க" என்று அதட்டுகிறார். இவர் நாக்கை நீட்டுகிறார். இவர் மருந்து சாப்பிட்ட ஆறு மாதமும் ஒரு நாள் தவறாமல் நடந்த கூத்து அது. அறையே சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள், இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி முடித்திருப்பார்.

கடைசிக் காட்சிக்காகப் பதினொரு நாள் கம்பெனி மேனேஜரின் வாசலில் நின்றார். மனிதர் பிடிகொடுக்கவில்லை. இவரும் விடுவதாக இல்லை. பன்னிரண்டாம் நாள் மேனேஜர் கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "மாத்திரை சாப்பிடறவங்க யாரையும் ஊருக்கு அனுப்ப மாட்டோம். அவங்க வேலை அவங்களுக்குத்தான்."

அந்தக் கம்பெனி விடுதியின் நான்காம் மாடி அறையில் ஒரு நாள் பதினொரு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள், ஒரு வெல்டர், குளிக்கிறார் என்றார்கள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. ஜன்னல்காரர் படத்தை ஓடவிட்டார். ஸ்பீக்கரை எடுத்துக் குளியலறைக் கதவுக்கு நேராகத் திருப்பி வைத்தார், சத்தத்தையும் கூட்டினார். மேனேஜர் பேசி முடித்தபோது குழாய் நின்றது. கதவு திறந்தது. துளிகூட நனையாத தலையோடு வெல்டர் வெளியே வந்தார்.

"அந்த டப்பாவைக் குடுங்கண்ணே" என்றார்.

சளியில் கிருமி இருந்தது. அறைத் தோழர்கள் பதினொரு பேரும் சோதனைக்கு வரிசையில் நின்றார்கள். வெல்டர் முதல் சில வாரம் தனி அறையில் இருந்தார், பிறகு வேலைக்குத் திரும்பினார். மேனேஜர் சொன்ன சொல் மாறவில்லை. மாத்திரை நேரம் தவறினால் ஜன்னல்காரரிடமிருந்து வெல்டருக்குப் போன் வந்துவிடும்.

போன வாரம் கடைசிச் சோதனையிலும் கிருமி இல்லை என்று எழுதி வந்தது. கடைசி மாத்திரையை வெல்டர் எல்லோர் முன்னாலும் விழுங்கினார். ஜன்னல்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. மனைவியை வீடியோவில் கூப்பிட்டார். வெல்டர் யாரும் கேட்காமலே வாயை ஆவென்று திறந்து நாக்கை நீட்டினார். ஜன்னல்காரர் போனை அந்த வாய்க்கு நேராகத் திருப்பிப் பிடித்தார்.