நூற்றுக்கு நாற்பது

காந்தா காஞ்சிபுரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் டைப்பிஸ்ட். டாக்டர்களின் கிறுக்கலை ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்துத் தருபவள் என்று ஒன்பது வருஷமாகப் பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

1972 பங்குனியில் தறிக்காரர் முனிசாமி ஒரு நோட்டீசோடு வந்து நின்றார். ஆஸ்பத்திரியே ஊரெங்கும் கொடுத்த நோட்டீஸ். ‘தறி நெய்பவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் காசநோய்’ என்றிருந்தது.

“வாலாஜாபாத்காரங்க பொண்ணு பார்த்துட்டுப் போனாங்கம்மா. இதைப் படிச்சிட்டு வேணாம்னுட்டாங்க. எங்க தெருவுல முப்பது வீடு இருக்குது, இருமிக்கினு இருக்கறது ரெண்டே பேரு. இந்த நாப்பதை யாரும்மா எண்ணினது?”

காந்தா டாக்டர் ராமலிங்கத்திடம் கேட்டாள். நோட்டீசுக்கு எண் எடுத்தது இதிலிருந்துதான் என்று அவர் அலமாரியிலிருந்த, மெட்ராசில் அச்சான ஒரு மருத்துவப் புத்தகத்தைக் காட்டினார். புத்தகத்தில் அந்த எண்ணுக்கு அடியில் பொடி எழுத்தில் மூலம் போட்டிருந்தது: இதே ஆஸ்பத்திரியின் 1966ஆம் வருஷ அறிக்கை.

பழைய கட்டுகளைப் பிரித்து அந்த அறிக்கையை எடுத்தாள். அடித்தது அவளேதான். கூடவே அப்போதிருந்த டாக்டரின் கையெழுத்துப் பிரதியும் இருந்தது. ‘ஒரு மாதத்துக்கு மேல் இருமலோடு ஓரிக்கை முகாமுக்கு வந்த ஐம்பது தறிக்காரர்களில் இருபது பேர்’ என்று அதில் தெளிவாக இருந்தது. அட்டவணை ஒரே பக்கத்தில் அடங்கட்டும் என்று அந்த வரியை விட்டுவிட்டு, ‘தறிக்காரர்கள்: நூற்றுக்கு நாற்பது’ என்று மட்டும் அவள் அடித்திருந்தாள். காது மடல் சுட்டது. கட்டை மறுபடி கட்டி வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

“தப்பு என்னுது சார்” என்று டாக்டர் ராமலிங்கத்திடம் இரண்டு பிரதியையும் நீட்டினாள்.

“ஆறு வருஷமா யாரும் கேக்கலை. விடும்மா. பயந்தாத்தான் ஜனங்க வருவாங்க.”

“எங்க சார் வர்றாங்க? ஒளிஞ்சிக்கினு இல்ல இருக்கறாங்க!” என்று சளிப் பரிசோதனை ரிஜிஸ்டரை விரித்தாள். நோட்டீசுக்கு முந்தின மாதம் முப்பத்தொரு பேர். நோட்டீசுக்குப் பிந்தின மாதம் ஒன்பது பேர்.

டாக்டர் இரண்டு பக்கத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மறுவாரமே வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. கதவு திறக்காத வீடுகளில் முனிசாமி கூடப் போய்க் குரல் கொடுத்தார். எண்ணூற்று நாற்பது தறிக்காரர்களில் இருபத்தொரு பேருக்கு நோய். அத்தனை பேருக்கும் மருந்து தொடங்கினார்கள். புது நோட்டீசில் எத்தனை பேரில், எப்போது, எந்தெந்தத் தெருவில் எடுத்த கணக்கு என்று காந்தா ஒன்றுவிடாமல் அடித்தாள்.

வாலாஜாபாத் சம்பந்தம் திரும்பவில்லை. ஆவணியில் தென்னேரி மாப்பிள்ளைக்கு முனிசாமி பெண்ணைக் கொடுத்தார். புத்தகம் போட்ட மெட்ராஸ்காரர்களுக்குக் காந்தா மூன்று கடிதம் எழுதினாள்; மூன்றாவதுக்குப் பதில் வந்தது, அடுத்த பதிப்பில் திருத்துவதாக.