இன்ஷிராஹின் காசோலைகள்

எகிப்தின் தந்தா நகரில் பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் கொண்டைக்கடலை வறுத்து விற்பவள் இன்ஷிராஹ். புருஷன் போன பிறகு கடையையும் மகள் ரபாபையும் ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு வந்தவள். பேங்க் கடன் என்றால் காதைப் பொத்திக்கொள்வாள். வட்டி பாவம் என்பது ஒரு பக்கம்; இன்னொருவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பது அவளுக்கு ஆகவே ஆகாது.

அதனால்தான் தரகன் ஷவ்கியின் பேச்சு பிடித்துப்போயிற்று.

“கடனே கிடையாது, ரபாப் அம்மா. பாலைவனத்துல புது ஊரு எழும்புது. இப்போ கொஞ்சம் கட்டுங்க, மிச்சத் தவணைக்குச் செக் எழுதிக் குடுங்க. வீடு முடியறதுக்குள்ள லாபத்துக்கு வித்துத் தள்ளிடலாம்.”

வீடு கட்டும் கம்பெனிக்கு ஏழு வருஷத் தவணைக்கும் தேதி போட்டுக் காசோலை எழுதிக் கொடுத்தாள். பேங்க் இல்லை, வட்டி இல்லை, அப்புறம் இதில் கடன் எங்கே வந்தது?

இரண்டு வருஷம் கடலை விற்றுத் தவணை கட்டினாள். பிறகு ஷவ்கி மூலமாக, கார் சாமான் கடை வைத்திருக்கும் வஹ்தான் ஹாஜி வீட்டைக் கேட்டு வந்தார். அவள் அதுவரை கட்டியதையும், மேலே லாபத்தையும் கொடுத்தார். இருவரும் கை விரித்து ஃபாத்திஹா ஓதினார்கள். அங்கே அதை ஓதிவிட்டால் வியாபாரம் முடிந்த மாதிரி. லாபத்தில் ரபாபின் கல்யாணச் சீருக்கு ஃபிரிஜ் வாங்கினாள்.

அடுத்த தவணையில் பேங்கிலிருந்து போன் வந்தது. “கணக்குல பணம் இல்லம்மா, செக் திரும்பிடுச்சு. கம்பெனி கேஸ் போட்டா ஜெயிலுதான்.”

கடையை அப்படியே பூட்டிக்கொண்டு ஹாஜியிடம் போனாள்.

“வித்த வீட்டுக்கு என் செக்கு ஏன் போகுது?”

“சாவி வர்ற வரைக்கும் நான் எதுவும் கட்ட வேண்டாம்னு ஷவ்கி சொன்னானே!”

“எங்கிட்ட, எல்லாம் நீங்க கட்டுவீங்கன்னு சொன்னான்.”

ஷவ்கி இரண்டு பேரிடமும் தரகு வாங்கியிருந்தான். இன்ஷிராஹ் ஒரு முக்காலியை இழுத்து ஹாஜி கடை வாசலிலேயே போட்டு உட்கார்ந்தாள்.

“கம்பெனிக்கு என்கூட வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.”

“வர்றவன் எல்லாம் உங்களத் தாண்டியா வரணும்?”

“தாண்டட்டும்.”

மறுநாள் காலை இருவரும் வேனில் போனார்கள். கம்பெனிப் பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “நீங்க ஓதினது எங்களுக்குத் தெரியாது. பேர் மாத்தலைன்னா வீடு இந்தம்மாவோடதுதான், செக்கும் இவங்களோடதுதான். மாத்தணும்னா கட்டணம் கட்டுங்க, ஹாஜி புதுசா செக் எழுதட்டும்.”

கொடுத்த பணம் அந்தரத்தில் நிற்பது ஹாஜிக்கு அப்போதுதான் உறைத்தது. பேனாவை எடுத்தார், பாதியில் நிறுத்தினார்.

“இத்தனையா?”

“நான் இதைவிட ஜாஸ்தி எழுதினேன். எழுதுங்க.”

திரும்பிய தவணையை ஹாஜி கட்டினார். கட்டணம் இன்ஷிராஹ் தலையில் விழுந்தது. அதற்காக ஃபிரிஜ், வாங்கிய கடைக்கே வாங்கியதைவிடக் குறைந்த விலைக்குத் திரும்பிப் போயிற்று. ரபாப் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கம்பெனி திருப்பிக் கொடுத்த தன் காசோலைகளை ஒவ்வொன்றாக வறுக்கும் அடுப்பில் போட்டாள். தீ எகிறி அன்றைய கடலை கொஞ்சம் கருகிவிட்டது. வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவள் விலையைக் குறைக்கவில்லை.