கோச்சை மாற்றச் சொன்னவர்கள்

ஒரு மனிதருடைய வேலை போனதற்கு நாங்கள் மூன்று பேர் காரணம். மூன்று பேரும் பரவாயில்லாத ஆட்கள்தான். ஒருவர் பஸ் ஓட்டுகிறார். இன்னொருவர் முதியோர் இல்லத்தில் வேலை. நான் இறைச்சித் தொழிற்சாலையில். அதுவரை எவருடைய வயிற்றிலும் அடித்ததில்லை. அடித்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் அடிக்கிறோம் என்று தெரியாமல்.

எங்கள் ஊர் டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோவுக்கும் ஸ்கீவவுக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர். இங்கே ஒரு சின்னக் கல்லூரி. அந்தக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் எங்கள் மூவரின் மகள்மாரும் இருந்தார்கள். என் மகள் கோல் காப்பவள். சனிக்கிழமை ஆட்டம் என்றால் நாங்கள் மூவரும் கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலியோரம் நிற்போம். ஃபிளாஸ்க்கில் தேநீர், முதியோர் இல்ல நண்பரின் மனைவி பொரித்த மீன் ரோல்ஸ். டெனிஷ் பெற்றோர் வந்தால் மைதானத்தின் மறுபக்கம் காருக்குள் இருந்து பார்ப்பார்கள். மழை பெய்தால் வரவே மாட்டார்கள். நாங்கள் ஆலங்கட்டி விழுந்தாலும் நிற்போம். நின்று என்ன செய்வோம்? கோச்சைத் திட்டுவோம், தமிழில்.

கோச் டெனிஷ்காரர். ஐம்பது வயது தாண்டியவர், தச்சு வேலை செய்பவர், பெரிய உடம்பு, எந்த மாதத்திலும் ஒரே பச்சைக் கம்பளித் தொப்பி. கல்லூரி அவருக்கு அரைநேரச் சம்பளம் கொடுத்தது. ஆட்டத்தின் நடுவில் ஆளை மாற்றுவதில் அவர் பிந்துவார், அது உண்மை. மூச்சு வாங்கி ஓட முடியாமல் நிற்கிற பிள்ளையை இன்னும் பத்து நிமிடம் விட்டு வைப்பார்.

"உவருக்கு ஆர் இந்த வேலையைக் குடுத்தது?" என்று பஸ் ஓட்டுகிற அண்ணை தொடங்குவார். "நான் இப்பிடி பஸ் ஓட்டினால் சனம் முழுக்க ஸ்கீவயிலயே நிக்கும். ஆளை மாத்த வேணும் தம்பி, வேற வழியில்லை."

முதியோர் இல்ல நண்பர் மன்னார்க்காரர், கொஞ்சம் நிதானம். "கோச்சில பிழை இல்லை அண்ணை. காசு இல்லை. பெடியளின்ர அணிக்கு ரெண்டு கோச், பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஒருத்தர். கொம்யூன் காசு தராமல் அவர் என்ன செய்யிறது?" கொம்யூன் என்றால் இங்கத்தைய நகரசபை.

"காசு குடுத்தால் மட்டும் உவர் மாத்திப் போடுவாரோ?"

இதுதான் மூன்று வருட விவாதம். நான் ஒரு வாரம் அண்ணையின் பக்கம், மறுவாரம் மன்னார்க்காரரின் பக்கம். தோற்றால் கோச் சரியில்லை, வென்றால் பிள்ளைகள் கெட்டிக்காரிகள். ஆட்டம் முடிந்து அவர் எங்கள் பக்கம் கையைத் தூக்கிக் காட்டுவார். நாங்களும் சிரித்துக் கையைக் காட்டுவோம். திட்டு எங்களுக்கு ஒரு வரவுப் பதிவு. வந்திருக்கிறோம், பார்க்கிறோம், இது எங்கள் அணி என்று அதற்கு அர்த்தம். அக்கறையில்லாத இடத்தில் யார் தொண்டையைக் கிழிப்பார்கள்?

அந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. ஒரு மாலைப் பயிற்சியில் என் மகளின் விரல் முறிந்தது. நான் வேலையில், தொலைபேசி பூட்டிய அலுமாரிக்குள். மனைவி கோல்டிங்கில் தங்கை வீட்டில். அவர்தான் தன்னுடைய வான் வண்டியில் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், நான் போய்ச் சேரும் வரைக்கும் மூன்று மணி நேரம் பக்கத்தில் இருந்தார். நான் ஓடிப்போய் நின்றபோது இரண்டு பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், அவள் இடது கையால். "உங்கள் மகள் கள்ள ஆட்டம் ஆடுகிறாள்" என்றார். நான் நன்றி சொன்னேன். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலத் திட்டினேன்.

அந்த மாசியில் கல்லூரியிலிருந்து இணையத்தில் ஒரு படிவம் வந்தது. கொம்யூன் தருகிற பங்கு குறைகிறதாம், பெண்கள் அணியை என்ன செய்வது என்று யோசிக்கிறார்களாம், பெற்றோரின் கருத்து முக்கியமாம். பயிற்சியில் திருப்தியா? எதை மாற்ற வேண்டும்? நான் அதை வாசித்துக் காட்டியதும் அண்ணை கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார். மூன்று பேரும் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்தோம். அன்று மத்தியானம்தான் ஐந்துக்கு ஒன்று என்று தோற்றிருந்தோம்.

"முப்பது வருசமா இந்த நாட்டில இருக்கிறன். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இப்பதான் கேட்டிருக்கினம். எழுது தம்பி!"

எங்களுக்குள் டெனிஷ் எழுத்து எனக்குத்தான் ஓரளவு கை வரும். அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஆளை நேரத்துக்கு மாற்றத் தெரியாதவர். யார் சொன்னாலும் கேட்க மாட்டார். புதிய பயிற்றுவிப்பாளர் தேவை. மன்னார்க்காரரின் கட்சியையும் விடவில்லை. பெண்கள் அணிக்குக் கூடுதல் பணம் ஒதுக்க வேண்டும் என்றும் எழுதினேன். நல்ல சொல்லாகத் தேடிப் போட்டேன், அகராதி பார்த்து. விரல் முறிந்த நாளைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எதை மாற்ற வேண்டும் என்றுதானே கேட்டிருந்தார்கள். பிறகு அதையே மூன்று வீட்டின் பெயரிலும் அனுப்பினோம். மூன்று தடவை போனால் பலம் என்றார் அண்ணை. தண்ணீர் குடிக்க வந்த மகள் என்ன செய்கிறீர்கள் என்று டெனிஷில் கேட்டாள். "சும்மா ஒரு ஃபோம்" என்றேன். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

ஈஸ்டருக்கு முன்னால் கடிதம் வந்தது. பெற்றோரின் தெளிவான விருப்பத்தையும் நிதி நிலைமையையும் கருத்தில் கொண்டு, பயிற்றுவிப்பாளரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. புதியவர் நியமிக்கப்பட மாட்டார். ஓகஸ்ட் முதல் பெண்கள் ஹொல்ஸ்டெப்ரோ அணியோடு சேர்ந்து விளையாடலாம்.

நாங்கள் எழுதியதில் முதற் பாதியை எடுத்துக்கொண்டு மற்றப் பாதியை விட்டுவிட்டார்கள்.

மகளிடம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "நீங்கள் கத்துவது சும்மா என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று டெனிஷில் கேட்டுவிட்டு அறைக்குப் போனாள். பிறகு நாலைந்து நாள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்று பேரும் வேலையில் லீவு போட்டுக்கொண்டு கல்லூரி அதிபரைப் பார்க்கப் போனோம். எப்படியாவது கோச்சைத் திருப்பி எடுக்க வைக்க வேண்டும், அது ஒன்றுதான் எங்களுக்கு. அதிபர் இளம் பெண். கோப்பி ஊற்றித் தந்தார், கறுவா பன் வைத்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மகிழ்ச்சியாக இருந்தார்.

"உங்களைப் போன்ற பெற்றோர் இவ்வளவு ஈடுபாட்டோடு எழுதியது இதுவே முதல் தடவை. மற்றவர்களில் ஓரிருவரைத் தவிர யாரும் பதில் அனுப்பவேயில்லை. உங்கள் குரலை நாங்கள் கேட்கத்தானே வேண்டும்."

நான் விளங்கப்படுத்தப் பார்த்தேன். நாங்கள் அப்படித்தான் பேசுவோம், அது வெறுப்பு இல்லை, அவர் எங்களுடைய ஆள், அதனால்தான் திட்டுகிறோம். டெனிஷில் அதைச் சொல்லக் கேட்க எனக்கே விசர்க் கதையாக இருந்தது. அதிபர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

"ஆனால் நீங்கள் எழுதியிருக்கிறீர்களே" என்றார்.

எழுதியதைத் திருப்பி எடுக்கிறோம் என்று அண்ணை சொன்னார். தன் டெனிஷ் போதாதென்று கையாலும் காட்டினார், மேசையிலிருந்து எதையோ அள்ளிச் சட்டைப் பைக்குள் போடுவதுபோல. அதிபர் சிரித்தார். முடிவு எடுத்தாகிவிட்டது, பணமும் இல்லை, வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டிய அந்த வரி இனித் திரும்பி வராது என்றார். பயப்பட வேண்டாம், யார் எழுதியது என்று கோச்சுக்குச் சொல்ல மாட்டோம் என்றும் சொன்னார். அதை ஓர் உதவியாகத்தான் சொன்னார். நாங்கள் கோப்பியைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். வாகனத் தரிப்பிடத்தில் மன்னார்க்காரர் காரில் சாய்ந்துகொண்டு அழுதார். முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேரின் கடைசி நேரத்தைப் பார்த்த மனிதர்.

பிறகு நடந்த ஆட்டங்களில் எங்களுக்குத் திட்ட வாய் வரவில்லை. ஒரு தடவை அவர் ஆளை மாற்றப் பிந்தியபோது அண்ணை "உவர்..." என்று தொடங்கி, இருமி, ரோல்ஸ் பெட்டியைத் திறந்தார்.

கடைசி ஆட்டம் மே மாதம். நல்ல காற்று. இரண்டுக்கு இரண்டு. முடிந்ததும் பிள்ளைகள் கோச்சைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். பிறகு அவர் கையைத் தூக்கிக் காட்டியதோடு நிற்காமல் மைதானத்தைக் கடந்து எங்களிடமே வந்தார். மகள் கையுறையைக் கழற்றாமல் அவரோடு கூட வந்தாள்.

தொப்பியைக் கழற்றினார். மூன்று வருடத்தில் அவருடைய தலையை அன்றுதான் பார்த்தேன், நடுவில் மயிர் இல்லை.

"பெற்றோர்தான் என்னை மாற்றச் சொன்னார்களாம்" என்றார். "யாரென்று சொல்லவில்லை. நான் வீட்டில் மனைவியிடம் சொன்னேன், யாராக இருந்தாலும் அந்த வேலியில் நிற்கிறவர்கள் இல்லை என்று. மழையிலும் பனியிலும் வந்து நின்று கத்தினவர்கள் நீங்கள் மட்டும்தான். நீங்கள் கத்துவது கேட்டால் எனக்கு ஒரு தெம்பு."

மூன்று பேருக்கும் கைகொடுத்தார். பெரிய கை, தச்சு வேலைக் கை. எனக்கு டெனிஷ் தெரியும். சொல்ல வேண்டிய ஒவ்வொரு சொல்லும் தெரியும், அகராதி தேவையில்லை. வாயைத் திறந்தும் விட்டேன்.

"தம்பி, சொல்லிப் போடாதை" என்றார் அண்ணை, கையில் இருந்த ரோல்ஸ் பெட்டியைப் பார்த்தபடி. "அறிஞ்சால் மனுசன் உடைஞ்சு போவான்."

கோச் சிரித்துக்கொண்டே மகளின் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். காற்றில் கோல் வலை அடித்துக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஒரு ரோல்ஸ் எடுக்கச் சொல்கிறார்" என்றாள் அவள்.

அவர் இரண்டு எடுத்தார். ஒன்று மனைவிக்காம்.